கம்பியூட்டர் பாடிய மோகனம்

இந்த வருடம் எப்படியும் ஓர் இசையமைப்பாளன் ஆகிவிடுவதென்று தைப்பொங்கலன்று தீர்மானித்தேன். சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டியதையெல்லாம் என் மனைவி றஞ்சனாவே சிரித்து முடித்துவிட்டாள். உங்களிடம் சொல்வதற்கே எனக்கு முகம் கூசுகிறது.

றஞ்சனா சங்கீத ரீச்சர். கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பிக்கிறாள். சனிக்கிழமைகளில் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு விறாந்தையிலும் வகுப்பு நடக்கும். பிள்ளைகள் ச-ரி-க-ம தொடங்கினால் நான் குசினிக்குள் போய்த் தேங்காய் துருவ வேண்டும். அதையும் மெதுவாகத் துருவ வேண்டும். நான் துருவினால் பிள்ளைகளுக்குத் தாளம் பிழைக்கிறதாம்.

வெள்ளிக்கிழமை சாமியறையில் நான் வாய் திறந்து தேவாரம் பாடினால் இப்படித்தான் நடக்கும்:

"இஞ்சேருங்கோ, மனசுக்குள்ள பாடுங்கோவன்."

"ஏன், பிள்ளையாருக்குக் கேட்க வேண்டாமோ?"

"கேட்கிறபடியாத்தான் சொல்லுறன். பாவம், எவ்வளவு பெரிய காது அவருக்கு!"

இப்பேர்ப்பட்ட எனக்கு வழி காட்டியவன் கணபதி. புசல்லாவையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசையில் கொட்டாவி விடுபவன்.

"சார், பாட்டுப் போட இப்ப பாடத் தெரியணும்னு அவசியமே இல்ல. செயற்கை நுண்ணறிவு இருக்கு. எலெக்ட்ரோன்னு ஒரு டான்ஸ் மியூசிக், அது வேணும்னு போன்ல எழுதுங்க. பாட்டு வந்து நிக்கும்."

"ராகம்?"

"அது கேட்டா வரும் சார்."

"தாளம்?"

"அது கேக்காமலே வரும். எலெக்ட்ரோவுல அது மட்டுந்தான் சார் வரும்!"

எழுதினேன். பிளேன்டீ ஆறுவதற்குள் பாட்டு வந்தது. தாள அடி பிரமாதம். மேசையிலிருந்த கோப்புகளெல்லாம் எழும்பி ஆடின. ஆனால் அந்த இயந்திரம் தமிழ் பாடிய அழகு இருக்கிறதே, சுடச்சுடப் பிட்டை வாயில் போட்டுக்கொண்டு விலாசம் சொன்னது போல இருந்தது.

"நல்ல குரலு ஒண்ண ஏத்திவிட்டா, அத வச்சே செஞ்சு தரும் சார்" என்றான் கணபதி. நான் தொண்டையைச் செருமினேன். "சார் குரலு வேணாம் சார்" என்றான். அவனும் பிள்ளையார் கட்சிதான்.

நல்ல குரல் எங்கள் வீட்டிலேயே இருந்தது. றஞ்சனா தன் பிள்ளைகள் பழகுவதற்காக ஒவ்வொரு ராகத்திலும் கொஞ்சம் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, மோகன ராகத்தில் பாடிய ஒன்றை அவளுடைய போனிலிருந்து என்னுடையதற்கு மாற்றினேன். மாற்றிய தடத்தையும் அழித்தேன். கட்டிய மனைவியிடமே களவெடுக்கிறோமே என்று நெஞ்சு குத்தத்தான் செய்தது. கலைக்காகத்தானே என்று அதைத் தடவிக் கொடுத்தேன்.

பாட்டு வந்தது. கீழே டும் டும் என்று அடி, மேலே றஞ்சனாவின் குரல். ஓர் இடத்தில் குரல் கொஞ்சம் வழுகி இறங்கும். இயந்திரத்துக்கும் அந்த இடம் பிடித்துவிட்டது போலும். அதை மட்டும் வெட்டி எடுத்துத் திருப்பித் திருப்பிப் போட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி இவ்வளவு அழகாகப் பாடுவாள் என்பதை ஓர் இயந்திரம் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அதை அப்படியே அவளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? 'டீஜே மயூர்' என்று பெயர் போட்டுக் கந்தோரில் கேட்கவிட்டேன். மயூரதன் என்ற முழுப்பெயரில் எலெக்ட்ரோ எடுபடாது.

"யாரு சார் பாடுறது? சூப்பரா இருக்கு!"

"கம்பியூட்டர்" என்றேன்.

அந்த ஒரு சொல்லில்தான் அழிந்தேன். அடுத்த கிழமை பாட்டு கணபதியின் போனில் பஸ் ஏறி, வழியெல்லாம் சத்தமாக ஒலித்துப் புசல்லாவை வரை போயிற்று. அதற்கடுத்த கிழமை றஞ்சனாவின் அக்கா லீலாதேவி தொலைபேசி எடுத்தா.

"தம்பி, உங்கட பாட்டைப் பற்றித்தான் கதை. என்ர பிள்ளையின்ர கலியாண வரவேற்பில, மாப்பிள்ளையும் பொம்பிளையும் உள்ளுக்கு வரேக்க அதைத்தான் போட வேணும். நீங்களே மேடையில நிண்டு போடுங்கோ."

என்னை மனிதனாகவே மதிக்காத குடும்பம், ஐயா. "ஓம் அக்கா" என்று சொன்ன பிறகுதான் யோசித்தேன். மண்டபத்தில் றஞ்சனா இருப்பாளே! சொந்தக் குரல் அவளுக்குத் தெரியாதா?

"கம்பியூட்டரோ பாடினது?" என்று அன்று றஞ்சனா கேட்டாள்.

"ஓம்."

"முழுக்கக் கம்பியூட்டரோ?"

"முழுக்க."

"ஒருத்தரின்ர குரலும் எடுக்கேல்லையோ?"

"சீச்சீ!"

"அப்ப ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ."

"அது சர்ப்ரைஸ் அப்பா, சர்ப்ரைஸ்!"

அவள் கறியைக் கிண்டப் போய்விட்டாள். தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாம்.

என் திட்டம் இதுதான். சோடி உள்ளே வரும்போது வாசலில் ஆரத்தி எடுக்க வேண்டும். பொம்பிளையின் சின்னம்மா என்ற முறையில் அந்தத் தட்டை றஞ்சனாவின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால், வாசல் மேளச் சத்தத்தில் உள்ளே ஓடும் பாட்டு அவளுக்குக் கேட்காது. லீலாதேவி அக்காவிடம் சொல்லி ஏற்பாடும் செய்தேன்.

கண்டி வாவிக்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல் மண்டபம். கோட் போட்டு மேடையில் நின்றேன். வாசலில் மேளம் முழங்கியது. முன்வரிசையைப் பார்த்தேன். நடுக் கதிரையில் றஞ்சனா. அவளைச் சுற்றி அவளுடைய மாணவிகள்.

"ஆரத்தி?" என்று சைகையில் கேட்டேன்.

"ஞானேஸ்வரி மாமியிட்டைக் குடுத்திட்டன்" என்றாள், மண்டபத்துக்கே கேட்க. "உங்கட பாட்டை விட்டிட்டு நான் வெளியில நிற்கிறதோ?"

அவசரத்தில் போனில் முதலில் வேறெதையோ அமத்திவிட்டேன். மத்திய மாகாணத்தில் மாலையில் மழை பெய்யக்கூடும் என்று மண்டபம் முழுக்க ஒலித்தது. இரண்டாம் முறை பாட்டு வந்தது. அடி அதிர்ந்தது, குரல் எழுந்தது, சனம் கை தட்டியது. பிறகு அந்த வழுகி இறங்கும் இடம் வந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மறுபடி அந்த இடம். மறுபடி சிரிப்பு. அது திரும்பத் திரும்ப வந்தது. பொம்பிளை பாதி வழியில் நின்றுவிட்டாள். நான் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன்.

றஞ்சனா எழும்பி வந்து மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இவர் சொன்ன அந்தக் கம்பியூட்டர் நான்தான்."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது.

"மோகனத்தில மத்திமம் எண்ட சுரம் இல்லை. பிள்ளையளுக்கு அனுப்பிறதில வேணுமெண்டே அதைப் பிழையா ஒரு இடத்தில போட்டு விடுவன். காது குடுத்துக் கேட்கிற பிள்ளை 'ரீச்சர், பிழை' எண்டு வரும். கொப்பியடிக்கிற பிள்ளை பிழையையும் சேர்த்துப் பாடும். இதுவரைக்கும் சின்னப் பிள்ளையள்தான் அம்பிட்டது. வளர்ந்த ஆள் இதுதான் முதல்."

பிறகு, குரல் ஓய்ந்து தனியே ஓடிக்கொண்டிருந்த அதே அடிக்கு மேல் அவளே பாடினாள், பிழை இல்லாமல். சிரித்த சனம் அடங்கிப்போயிற்று. பொம்பிளை கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்து வந்தாள். என்ன இருந்தாலும் சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் என் கால்களும் தாளம் போட்டன.

பாட்டு முடிய, றஞ்சனாவின் பெரியப்பா பரமநாதன் கைத்தடியோடு எழும்பினார். "அப்ப தம்பி, இதில நீர் என்ன செய்தனீர்?"

"பட்டனை அமத்தினனான்" என்றேன்.

"அதுவும் ரெண்டாந்தரம்தான்" என்றாள் றஞ்சனா.

சாப்பாட்டு மேசையில் நான் தலை நிமிரவில்லை.

"உமக்கு எப்பவிருந்து தெரியும்?" என்று கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"பஸ்ஸில கேட்ட பிள்ளை அடுத்த நாளே கொண்டுவந்து போட்டுக் காட்டினவள். அக்காவை உங்களிட்டைக் கேட்க வைச்சதும் நான்தான்." அவள் குரல் இறங்கியது. "மூண்டு தரம் கேட்டன். ஒருக்காவாவது 'உம்மட குரல் நல்லாயிருந்துது, எடுத்திட்டன்' எண்டு சொல்லுவியள் எண்டு பார்த்தன்."

சனத்தின் சிரிப்பு சுட்டதை விட இது சுட்டது.

"நல்லாயிருந்துது றஞ்சி. சத்தியமா. கேட்டு அழுதனான்."

அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "உண்மையாவோ? எந்த இடத்தில அழுதனீங்கள்?"

"அந்த வழுகி இறங்கிற இடத்தில."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

இப்போது சனிக்கிழமைகளில் நானும் விறாந்தையில் சின்னப் பிள்ளைகளோடு சப்பாணி கட்டி இருந்து ச-ரி-க-ம பாடுகிறேன். நேற்று அங்கிருந்தும் எழுப்பிக் கொண்டுபோய்த் தனியாக இருத்திவிட்டாள். பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்துக் கொப்பியடிக்கிறேனாம்.