ஒரு சைக்கிள் கூடுதல்

காரின் மேல் கேரியரில் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. காலையில் வீட்டு வாசலில் அவர் ஏற்றிக் கட்டியது ஒன்றுதான்.

மருந்துக் கிடங்கில் சரக்கு சரிபார்ப்பது அவர் வேலை. எதையும் இரண்டு முறை எண்ணாமல் கையெழுத்துப் போடமாட்டார் என்பதால் தெருவே அவரை 'ரெண்டுதரம்' என்றுதான் கூப்பிடும். ரெண்டுதரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினார். இரண்டேதான்.

பனிமூட்டத்தில், பழுதாகி நின்ற ஒரு லாரிக்குப் பின்னால் பத்து நிமிடமாகக் கார் நின்றிருந்தது. கட்டிய பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க இறங்கியவருக்குத்தான் இந்தக் காட்சி.

மனைவி ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, பக்கத்து வீட்டு சைக்கிளையும் சேர்த்து ஏத்திட்டீங்களா?"

"ஊரான் வீட்டு சைக்கிளை நான் எதுக்கு ஏத்தறேன்?"

"போன வருஷம் நம்ம சைக்கிளையே பாதிதான ஏத்தினீங்க."

அது உண்மைதான். போன வருடம், கேரியரில் வாகாக உட்காரட்டும் என்று மகளின் சைக்கிளில் முன்சக்கரத்தைக் கழற்றி, பத்திரமாக வீட்டு கேட்டில் சாய்த்து வைத்தார். பட்டையை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தார். கதவுப் பூட்டை இரண்டுதரம் ஆட்டிப் பார்த்தார். சக்கரம் கேட்டிலேயே இருந்தது. பந்தயக் கோட்டில் ஒற்றைச் சக்கரச் சைக்கிளோடு நின்ற மகள், அதன் பிறகு நாற்பது நாள் அவரிடம் பேசவில்லை. இந்த வருடத்தோடு அவளுடைய வயதுப் பிரிவு முடிகிறது. பத்து மணிக்குள் அவளைக் கோட்டில் நிறுத்தாவிட்டால் இனி வாய்ப்பே கிடையாது; நாற்பது நாள் நானூறாகும்.

புதிதாக வந்திருந்த சைக்கிள் கறுப்பு. முன்சக்கரம் மிதிபட்ட தட்டு மாதிரி நெளிந்திருந்தது. கைப்பிடியில் சேறு அப்பிய ஓர் அட்டை தொங்கியது. காற்றே இல்லை, ஆனால் பின்சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். வெதுவெதுப்பாக, வியர்வை ஈரத்தோடு இருந்தது. அப்போதுதான் யாரோ பிடியை விட்ட மாதிரி.

"அப்பா, மணி எட்டரை," என்றாள் மகள், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

வழியில் ஒரு பஞ்சர் கடை வந்தது. கறுப்புச் சைக்கிளை அங்கே ஒப்படைத்துவிட்டு, உரியவர் வந்தால் கொடுத்துவிடச் சொல்லலாம் என்று கடைக்காரரைத் தேடிப் போனார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். யார் சைக்கிள் என்று தெரியாது, எப்போது ஏறியது என்று தெரியாது, எப்படி ஏறியது என்றும் தெரியாது என்று இவர் சொன்ன மூன்று விவரங்களையும் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லாத சைக்கிளைத் தான் தொடுவதில்லை என்றார். பிறகு காரை நிமிர்ந்து பார்த்து, ஒன்றைக் கொடுப்பதா, இரண்டையும் கொடுப்பதா என்று விசாரித்தார்.

ரெண்டுதரம் திரும்பினார். மேலே மூன்று இருந்தன.

மூன்றாவது சிவப்பு. சங்கிலி அறுந்து, செத்த பாம்பு மாதிரி பின் கண்ணாடிமேல் தொங்கியது. அதன் சக்கரமும் சுற்றிக்கொண்டிருந்தது.

இனி யாரிடமும் யோசனை கேட்பதில்லை என்று முடிவு செய்தார். கொஞ்ச தூரம் தள்ளி, ஆள் அரவமில்லாத இடத்தில் இரண்டையும் இறக்கி, ஒரு மதில் சுவரில் சாய்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஐந்து நிமிடம் நிம்மதி. ஆறாவது நிமிடம் பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, முந்தி, மறித்து நின்றது. டிரைவர் குதித்து இறங்கினார். இரண்டு சைக்கிளையும் தானே தூக்கிக் கேரியரில் வைத்து, பட்டையையும் இறுக்கிக் கட்டினார்.

"பின்னாடி விழுந்து கிடந்துச்சு சார். நல்லவேளை, நான் பார்த்தேன்."

நன்றி சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"கேரியர்ல இன்னும் ஒரு இடம் காலியா இருக்குங்க," என்றாள் மனைவி.

அந்த நாலாவது இடத்தை எப்படியாவது காப்பாற்றிவிடுவது என்று மூவரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. பனியில் கேட்டின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அவர் வலப்பக்கத்தையும், மனைவி இடப்பக்கத்தையும், மகள் பின்கண்ணாடியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணை இமைக்காமல் பார்த்தார்கள். ரயில் தடதடத்துப் போனது. கேட் உயர்ந்தது.

தலைக்கு மேல் 'தொப்'.

அவர் பின்சீட்டுப் பக்கம் திரும்பினார்.

"நீ பின்னாடிதான பார்த்துட்டிருந்த?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு மெசேஜ் வந்துச்சுப்பா," என்றாள் மகள்.

காரை ஓரங்கட்டினார்கள். நாலாவது சைக்கிள் நீலம். கைப்பிடி பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. மகள்தான் தைரியமாக ஏறி, தொங்கிய அட்டைகளைக் கைக்குட்டையால் துடைத்தாள். முப்பத்தொன்று, பன்னிரண்டு, நாற்பத்தேழு. எண்களுக்குக் கீழே, அவள் பங்கெடுக்கப்போகும் அதே பந்தயத்தின் முத்திரை.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பெரியவர்களுக்கான நீண்ட தூரப் போட்டி ஆறு மணிக்கே தொடங்கிவிடும், அவர்கள் இந்தச் சாலையில்தான் வருவார்கள் என்று விளக்கினாள். விழுந்தவர்களின் சைக்கிளைச் சேகரிக்க ஒரு கார் கூடவே வரும். "கேரியரோட நம்ம கார் நின்னதைப் பார்த்து அதுதான்னு நினைச்சு ஏத்திட்டுப் போயிருக்காங்கப்பா. இந்தப் பனியில யாருக்கு என்ன தெரியுது?"

விழுந்தவர்களைக் காணோமே என்று மனைவி கேட்டாள். ஆம்புலன்ஸில் போயிருப்பார்கள் என்றாள் மகள்.

ரெண்டுதரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேய் பிசாசு என்று நினைத்ததை வெளியே சொல்லாமல் இருந்தோமே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். அந்த மூவருக்கும் பலமாக அடிபட்டிருக்குமோ என்று மனைவி வழியெல்லாம் அங்கலாய்த்தாள்.

மைதானத்தை அடைந்தபோது பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. மகளின் சைக்கிளை முதலில் இறக்கினார். சக்கரங்களை இரண்டுதரம் எண்ணினார். இரண்டு. மகள் ஓடிப்போய்த் தன் எண் அட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தாள்.

"தேங்க்ஸ்ப்பா," என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் தோளில் கை வைத்தாள். பிறகு சைக்கிளில் ஏறி, பனிக்குள் தெரிந்த கும்பலோடு கலந்துவிட்டாள்.

மற்ற மூன்றையும் நிதானமாக இறக்கினார். மனைவி பழந்துணியால் சேற்றைத் துடைத்துக் கொடுத்தாள். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த கேட்காரர் முன்னால் அவற்றை வரிசையாக நிறுத்தி, எண்களை ஒப்பித்தார். உள்ளே நீளமாக ஒரு விசில் ஊதியது. கூட்டம் கைதட்டியது.

"காலைப் போட்டியில விழுந்தவங்க சைக்கிள். அவங்களுக்கு அடி பலமா?" என்று கேட்டார்.

கேட்காரர் சைக்கிள்களைப் பார்த்தார். மடியிலிருந்த பட்டியலைப் பார்த்தார். பட்டியலில் விரல் வைத்து, எண்களை ஒருமுறை தேடிப் பார்த்தார்.

"பனி விலகட்டும்னு காலைப் போட்டியைத் தள்ளி வெச்சுட்டாங்க சார். அது விலகற மாதிரி தெரியல. இப்ப விசில் கேட்டுச்சே, அப்பதான் ரெண்டு போட்டியும் சேர்ந்து கிளம்புச்சு. இந்த மூணு பேரும் உங்க பொண்ணு கூடத்தான் போறாங்க."