ஏழு வரிசைச் சுவர் எழுப்பு படலம்

வாழ்க, கோட்டாலேயே கோட்டை கட்டிய கோமான்! இருபத்திரண்டு ஆண்டுகளாய்க் கரும்பலகையில் மாட மாளிகைகளும் கூட கோபுரங்களும் எழுப்பி, அவற்றில் ஒன்றுகூட இடிந்து விழாத பெரும்புகழ் கொண்ட கட்டடக்கலைப் பேராசிரியரின் வீரம் பாடப் புகுந்தேன். சாக்பீஸ் தூளே, என் தொண்டையை விட்டு இறங்கி வழிவிடு!

இனி மாணவர்கள் கையால் கட்டித்தான் கற்க வேண்டும், வாத்தியாரே முதலில் கட்டிக் காட்ட வேண்டும் என்று கல்லூரி ஆணையிட்டதால் பட்டறை முற்றம் போர்க்களமாயிற்று. ஒருபுறம் நாற்பது மாணவர் சேனை. மறுபுறம், சுவரைத் தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வந்த கொத்தனார், வாய் திறவா மலையென நின்றார். அந்த மௌனம் பேராசிரியரைச் சீண்டியது.

“ஏழே வரிசை! நாளைக்குக் காலையில ஒரு கல் அசைஞ்சாலும், நாள் முழுக்க நான் இவருக்குச் சித்தாள்!”

சபதத்தை நாற்பது கைபேசிகள் பதிந்துகொண்டன. மானம் கப்பலேறுமா, கரையேறுமா என்பது இனிச் செங்கல்லின் கையில்.

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிய அச்செங்கற்சிங்கம், சாந்துச் சட்டியுள் கரணை பாய்ச்சி, நூல் கட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, வெயிலில் காய்ந்து கணகணவென்று ஒலித்த கற்களை அணியணியாய் நிறுத்தி முன்னேறியது. மூன்றாம் வரிசையில், முதல் பெஞ்சு மாணவி மூலையிலிருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, “சார், கல்ல அதுல…” என்று இழுத்தாள்.

“களத்துல சந்தேகம் கேக்கக் கூடாது!”

நமக்கேன் வம்பு என்று அவள் அடுத்த கல்லை எடுத்து நீட்டினாள். அதே தொட்டியில்தான் வீரர் மும்முறை முகம் கழுவினார்.

ஏழாம் வரிசையும் ஏறியது. தூக்குக்குண்டு மயிரிழையும் விலகவில்லை, சேனை ஆர்ப்பரித்தது, அவர் சுவரோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கொத்தனார் மேல்கல்லை இரண்டு விரலால் தூக்கினார். டப்பா மூடி போல் வந்தது. அடுத்ததும் வந்தது. தண்ணீரையே காணாத கற்கள் சாந்தின் ஈரத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தன; சாந்து பொடிப்பொடியாய் உதிர்ந்தது. பேராசிரியரின் முகத்தைப் பார்க்க, பாவம், சேனைக்கே சங்கடமாயிருந்தது.

மலை முதன்முறையாய் வாய் திறந்தது: “சித்தாளு சார், அந்தக் கல்லையெல்லாம் எடுத்துத் தொட்டியில போடுங்க.”

சார் சாயங்காலம் வரைக்கும் செங்கல் நனைத்தார்.