நெத்திலி சம்பலும் நான் காப்பாற்றிய வாடிக்கையாளரும்

ஒரு மனிதரின் முப்பத்தோரு ஆண்டு இல்லற வாழ்க்கையை நான் கால் மணி நேரத்தில் ஆட்டம் காண வைத்திருக்கிறேன். அவர் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. வங்கியில் வரிசை எண் எடுக்க வந்தார், அவ்வளவுதான்.

அப்போது நான் நிதித்துறையில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பருவத்தில் எட்டு வாரம் எங்காவது தொழிற்பயிற்சி செய்தாக வேண்டும். எனக்கு மலாக்கா பாச்சாங்கில் ஒரு வங்கிக் கிளை கிடைத்தது. தோழிகளோடு அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டேன். தோட்டப்புறமான நியாலாஸில் இருந்த என் வீட்டுக்கு இது பெரிய செய்தி. அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். "மக பேங்க்ல இருக்கா" என்று போகிற தோட்டமெல்லாம் சொல்லிவிட்டார். வங்கியில் என்னவாக இருக்கிறேன் என்பதை அவரும் யாரிடமும் சொல்லவில்லை, நானும் அவரிடம் சொல்லவில்லை.

வாசலில் வரிசை எண் கொடுக்கும் இயந்திரம் இருந்தது. அதன் பக்கத்தில் நான் இருந்தேன். வருகிறவர்களிடம் என்ன வேலை என்று கேட்டு, அதற்குரிய பொத்தானை அழுத்தி, சீட்டைக் கிழித்துக் கையில் கொடுக்க வேண்டும். (நான் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்த அன்று மக்கள் தாங்களே அழுத்திக்கொண்டார்களாம். வரிசை வேகமாக நகர்ந்ததாம்.) பெரியம்மா மகளிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு போட்டிருப்பேன். அதன் கை என் கையைவிட நீளம். சீட்டைக் கிழிக்கும்போதெல்லாம் கோட்டும் கூடவே இயந்திரத்துக்குள் போகப் பார்க்கும்.

மூன்றாவது வாரத்தில் தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து தொலைபேசி மோசடிகளைப் பற்றி அரை நாள் வகுப்பு எடுத்தார். ஏமாறப்போகிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று படம் படமாகக் காட்டினார். வயதானவராக இருப்பார், தனியாக வருவார், காதிலிருந்து போனை எடுக்க மாட்டார், எதற்குப் பணம் என்று கேட்டால் மழுப்புவார், வீட்டுக்குச் சொல்லவே கூடாது என்பார். இப்போதெல்லாம் பிள்ளைகளின் குரலையே கம்ப்யூட்டரில் செய்து பேசுகிறார்கள் என்றும் சொன்னார். முடிவில் ஒரு சின்னத் தேர்வு. முழு மதிப்பெண் வாங்கிய ஒரே ஆள் நான். (மற்றவர்களுக்கு நடுநடுவே வேலை இருந்தது.) சந்தேகம் வந்தால் உடனே மேலாளரிடம் சொல்ல வேண்டும் என்பது கடைசிப் படத்தில் இருந்தது. அதற்குள் நான் மிகவும் உணர்ச்சிவசப்பட்டிருந்தேன்.

மறுநாள் காலை பதினொன்றரை மணிக்கு, அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தனியாக வந்தார். போன் காதில் இருந்தது. குளிர்சாதனத்துக்கு நேர் கீழே நின்றும் வியர்த்தது.

"என்ன வேலையா வந்தீங்க அங்கிள்?"

"காசு எடுக்கணும்மா." பிறகு போனிடம், "வந்துட்டேன், வந்துட்டேன். உள்ளதான் நிக்கிறேன்" என்றார்.

"எவ்வளவு அங்கிள்?" (நான் கேட்கவே கூடாத கேள்வி இது.)

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இருக்கறதுல முக்காவாசி."

"எதுக்கு?"

"அது... வேணாம்மா. வெளிய சொல்லக்கூடாது."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நேற்றுப் பார்த்த படத்திலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்திருந்தார் மனிதர். சீட்டைக் கொடுக்காமல் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் சோபாவில் உட்காரவைத்தேன். அவருக்கு நடக்க எந்தச் சிரமமும் இல்லை.

"போன்ல யாரு அங்கிள்?"

"என் மகம்மா. பினாங்குல இருக்கு."

நான் பரிதாபமாகச் சிரித்தேன். "மக மாதிரிதான் இருக்கும் அங்கிள். இப்ப அதெல்லாம் கம்ப்யூட்டர்லயே செஞ்சிடறாங்க."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கம்ப்யூட்டராம்மா?"

"கொடுங்க, நான் பாக்கறேன்."

கொடுத்துவிட்டார். அந்த நாள் முழுவதிலும் அவர் செய்த ஒரே தவறு அது. நான் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"ஹலோ, யார் பேசறது?"

"நீங்க யாருலா? எங்கப்பா எங்க?"

"உங்கப்பாவா? அப்ப சொல்லுங்க. அவருக்குப் பிடிச்ச கறி என்ன?"

"என்னா?"

"தெரியலையா?"

"தெரியும்லா! கோழிப் பெரட்டல்!"

நான் அங்கிளைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "நெத்திலி சம்பல்" என்றார், யாரையோ காட்டிக் கொடுப்பவர் போல.

"அப்பா!" என்று போன் அலறியது. "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கோழிதானே கேட்டு வாங்கிச் சாப்பிடறீங்க?"

"அது உங்கம்மாவுக்குப் பிடிக்கும்மா. ஆசையா செய்யறா. அதான்..."

"இத்தன வருஷமா சொல்லவே இல்லையேப்பா?"

போனில் கேட்ட குரல் உடைந்திருந்தது. எந்தக் கம்ப்யூட்டரும் அப்படி வருத்தப்படாது என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. கேள்விக்குத் தப்பான பதில் வந்திருக்கிறது, மோசடி உறுதியாகிவிட்டது. இணைப்பைத் துண்டித்தேன்.

"ஆண்ட்டி நம்பர் இருக்கா அங்கிள்?"

"ஐயோ, அவகிட்ட மட்டும் வேணாம்மா!"

இதுவும் நேற்றுப் படத்தில் இருந்தது. அவர் போனில் 'வீடு' என்று இருந்த எண்ணை அழுத்தினேன்.

"ஆண்ட்டி, பேங்க்லேருந்து பேசறேன். பதறாதீங்க. அங்கிள் இங்கதான் இருக்காரு. ஒரு பொம்பள போன்ல பேசிப் பேசி காசெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லுது. உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதாம்."

அன்று சொன்னதைப் பிறகு எத்தனையோ முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. மோசடி என்ற சொல்தான் விட்டுப்போயிருந்தது.

ஆண்ட்டி, "எந்த பேங்க்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். வைத்துவிட்டார்.

"ஆண்ட்டி வராங்க. இனிமே பயமில்ல" என்று அங்கிளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதைக் குடிக்கவில்லை. "பன்னெண்டு மணிக்குள்ள கடைக்குப் போகணும்மா" என்று முனகினார். எழுந்திருக்கப் பார்த்தவரைத் தோளைத் தொட்டு உட்காரவைத்தேன்.

ஆண்ட்டி பத்தே நிமிடத்தில் வந்துவிட்டார். வீட்டு உடை. ஒரு காலில் பெண்கள் செருப்பு, மற்றொரு காலில் ஆண்கள் செருப்பு. வரிசை எண் எடுக்கவில்லை. நேராக சோபாவுக்குப் போனார்.

"யாரு அவ?"

வங்கி முழுவதும் திரும்பிப் பார்த்தது. பணம் கொடுக்கும் முகப்பில் இருந்த மலாய்க்கார அக்காவுக்கும் சீனத் தம்பிக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது. ஒலிபெருக்கி ஏதோ ஓர் எண்ணை மூன்று தடவை அழைத்தது. அந்த எண்ணுக்குரியவர் எழுந்திருக்கவில்லை.

"தனம், நான் சொல்றதக் கேளு..."

"முப்பத்தோரு வருஷம்! ரிட்டையர் ஆன பெறகு உங்களுக்குப் பொம்பள கேக்குதா?"

நிலைமையைச் சரிசெய்ய வேண்டியது என் பொறுப்பு என்று நினைத்தேன். "ஆண்ட்டி, அது பொம்பளயே இல்ல, கம்ப்யூட்டர்" என்றேன்.

ஆண்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்போது என் கையில் இருந்த போன் அடித்தது. மோசடிக் கும்பலை எல்லோர் முன்னாலும் அம்பலப்படுத்த இதைவிட நல்ல நேரம் வராது. ஸ்பீக்கரைப் போட்டு உயர்த்திப் பிடித்தேன்.

"அப்பா, அந்த லூசு போயிடுச்சா? சீக்கிரம் காச எடுங்க. சங்கிலிய பன்னெண்டு மணி வரைக்கும்தான் எடுத்து வைப்பாங்களாம். நாளைக்கு அம்மா பொறந்தநாளுக்குப் போட்டு விடணும்னு நீங்கதானே சொன்னீங்க! அம்மா வீட்லதானே இருக்காங்க?"

"அம்மா இங்கதான் இருக்கேன்" என்றார் ஆண்ட்டி.

ஆண்ட்டி அங்கிளின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். அங்கிள் தன் கைகளைப் பார்த்தபடியே பேசினார்.

"உன் கல்யாணச் சங்கிலிய வித்துத்தானே இவள படிக்க வச்சோம். திருப்பி வாங்கித் தரேன்னு சொன்னேன்ல. நீ மறந்திருப்பே."

"மறக்கல" என்றார் ஆண்ட்டி. முந்தானை இல்லாததால் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் கோட்டின் கையில் துடைத்துக்கொண்டேன். (அதற்கு அந்த நீளம் வசதியாக இருந்தது.) பிறகு ஆண்ட்டி நிமிர்ந்தார்.

"எந்த டிசைனு?"

அங்கிள் போனை என்னிடமிருந்து வாங்கிப் படத்தைக் காட்டினார்.

"ஐயே, இதுவா? இது கெழவிங்க போடறது. நானே வந்து பாக்கறேன், வாங்க." என் பக்கம் திரும்பினார். "நம்பர் குடு."

அவசரத்தில் அழுத்திக் கொடுத்தேன். இருபது நிமிடம் காத்திருந்து அவர்கள் முகப்புக்குப் போனபோதுதான், அது வீட்டுக்கடன் பிரிவின் எண் என்று தெரிந்தது. மறுபடி எண் எடுத்தார்கள், இம்முறை ஆண்ட்டியே அழுத்திக்கொண்டார். பன்னிரண்டு மணி எப்போதோ கடந்திருந்தது.

மேலாளர் புவான் ரோஹானி என்னை அறைக்குள் அழைத்தார். மேசையில் முழங்கையை ஊன்றி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "அலாமாக், யமுனா" என்று மலாயில் 'ஐயையோ' போட்டார். பிறகு, எண்ணம் நல்லதுதான், ஆனால் வாடிக்கையாளரின் போனை இனி எந்தக் காரணத்துக்காகவும் தொடாதே என்றார். மீதமிருந்த ஐந்து வாரமும் நான் பின்கட்டில் பழைய கோப்புகளை அடுக்கினேன். அங்கே போன் யாரிடமும் இல்லை. பயிற்சி அறிக்கையில் 'மிக அதிக ஆர்வமுள்ளவர்' என்று எழுதியிருந்தார். 'மிக' என்ற சொல்லைப் பேனாவால் இரண்டு முறை அழுத்தியிருந்தது தெரிந்தது.

கடைசி வாரத்தில் ஆண்ட்டியும் அங்கிளும் என்னைத் தேடி வந்தார்கள். ஆண்ட்டியின் கழுத்தில் புதுச் சங்கிலி, அங்கிள் பார்த்து வைத்திருந்ததைவிட நல்ல கனம். "நீ போன் பண்ணலன்னா இவரு அந்த ஒல்லிக்குச்சியத்தான் வாங்கிட்டு வந்திருப்பாரு" என்று சொல்லி ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார். திறந்தேன். நெத்திலி சம்பல்.

"மக எல்லாம் சொல்லிட்டா. இப்ப வீட்ல இதான்" என்று ஆண்ட்டி பெருமையோடு சொன்னார்.

அவர் புவான் ரோஹானியிடம் பேசத் திரும்பியதும் அங்கிள் என் காதருகே குனிந்தார். "தெனமும்மா. ஒரு மாசமா தெனமும். கோழி வேணும்னு கேக்க இப்ப பயமா இருக்கு. நீ எதுவும் போன் பண்ணிச் சொல்லிடாத."

சொல்லவில்லை. அவர் ரகசியங்களில் நான் காப்பாற்றியது அது ஒன்றைத்தான்.

இந்தக் கதையை அப்பாவிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன அன்று போனில் இருமல் வருமளவு சிரித்தார். இப்போது நான் மலாக்காவில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். (வாடிக்கையாளர்களை நேரில் பார்க்கத் தேவையில்லாத வேலை. தேடித்தான் எடுத்தேன்.) வீட்டுக்கு எப்போது போன் செய்தாலும் அப்பா, "யாரு, கம்ப்யூட்டரா?" என்றுதான் எடுப்பார். "மகன்னா சொல்லு. உங்கப்பாவுக்குப் பிடிச்ச கறி என்ன?"

ஆட்டுக்கறி என்று சொல்லியிருக்கிறேன். மீன், இறால், முருங்கைக்காய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அம்மாவிடம் கேட்டால் அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அது எங்கள் இருவருக்கும் கொஞ்சம் உறுத்தல்தான். பதில் தப்பானால் அப்பா போனை வைத்துவிடுவார். நான் அம்மாவின் எண்ணுக்கு அடித்து அந்த வழியாக உள்ளே போக வேண்டும்.

போன வாரம் கருவாட்டுக் குழம்பு என்றேன். அவர் உடனே வைத்துவிடவில்லை.

"கிட்ட வந்துட்ட" என்றார். வைத்துவிட்டார்.