ஜன்னல் இல்லாத பரம்பரை வீடு

தனபாலன் வீட்டு ஹோல் சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்திருந்தது. மகள் தர்ஷிகாவைப் பெண் பார்க்க மறுநாள் கொழும்புப் பக்கம் வத்தளையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கட்டுகஸ்தோட்டை மழைக்கு எந்தப் பெயின்டும் நிற்காது என்று தெரிந்தும் ஒரு பூச்சுப் பூசிப் பார்த்தார். கறை இன்னும் பெருத்து, குளித்துவிட்டு வந்தது மாதிரிப் பளிச்சென்று நின்றது.

"அதுக்கு மேல என்னத்தயாவது மாட்டி மறைச்சுத் தொலைங்க," என்றாள் மனைவி யோகேஸ்வரி.

அப்படித்தான் அவர் கண்டி டவுனில் படங்களுக்குச் சட்டம் போடும் லாபிரின் கடைக்குப் போனார். கறையை மறைக்கிற அளவுக்குப் பெரிய படம் அங்கே ஒன்றுதான் இருந்தது. யாரோ வெளிநாட்டுக்காரர் தீட்டிய நவீன ஓவியத்தின் அச்சுப் பிரதி. பாலைவனத்தில் ஒரு மண் வீடு. சதுரம் சதுரமாகக் களிமண் சுவர், நடுவில் கறுப்பாக ஒரு கதவு, பின்னால் சிவப்பு மலை, மேலே நீல வானம். ஆளில்லை, மரமில்லை, ஒரு ஜன்னல்கூட இல்லை.

"வீட்ட இன்னும் கட்டி முடிக்கலையா?" என்றார் தனபாலன்.

"இது மொடர்ன் ஆர்ட் சேர். அவ்வளவுதான் வரஞ்சீக்கார். கொழும்புல பெரிய பெரிய வூடுகள்ல எல்லாம் இப்ப இதுதான் தொங்குது."

கொழும்பு என்றதும் தனபாலன் விழுந்துவிட்டார். வத்தளைக்காரர்கள் இதைப் பார்த்தால் நம்மையும் ஒரு ஆளாக மதிப்பார்கள் என்று கணக்குப் போட்டு, முச்சக்கரவண்டியில் மடியில் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினார். கறை மறைந்தது.

மறுநாள் காலையில் பலகாரம் சுட உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு அந்தோனியம்மா, படத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அட, நம்ம பழைய லயம் மாதிரியே இருக்கே! கூரைத் தகரத்ததான் காணோம்."

தனபாலன் அவசரமாக வாசலை எட்டிப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஒற்றைக் காம்பிரா அறையில் பிறந்து வளர்ந்தவர்தான் அவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மனேஜராகி, டை கட்டப் பழகிய பிறகு, யார் ஊரைக் கேட்டாலும் 'கண்டி' என்பதோடு வாயை மூடிக்கொள்வார். போன தடவை வந்த சம்பந்தத்தில் மட்டும், "எந்தத் தோட்டம்?" என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். அதன்பிறகு அவர்களிடமிருந்து போனே வரவில்லை. "போனாப் போகுதுப்பா," என்று சிரித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மகளின் முகம் அவருக்கு இன்னமும் நெஞ்சில் குத்துகிறது.

"கழட்டிருங்க," என்றாள் யோகேஸ்வரி.

"கழட்டினா கறை தெரியுமே! கொஞ்சம் அலங்காரம் பண்ணினா லயம்னு யாருக்கும் தோணாது."

சாமி அறையிலிருந்த பிளாஸ்டிக் மாலையைக் கொண்டுவந்து படத்துக்குப் போட்டார். அதுவும் போதாதென்று வெசாக் பண்டிகைக்கு வாங்கிய கலர் பல்புகளைச் சட்டத்தைச் சுற்றிக் கட்டினார். பல்புகள் மினுங்கத் தொடங்கியபோது வாசலில் வேன் ஹோர்ன் அடித்தது.

முதலில் இறங்கியது மாப்பிள்ளையின் அம்மா. கடுகண்ணாவ மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றி, தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நேரே தர்ஷிகாவின் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். பின்னால் மாப்பிள்ளையின் அப்பா சுப்பராயனும், கம்பளைத் தரகர் காளிமுத்துவும் வந்தார்கள். பெரியவர்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை வருவாராம்.

சுப்பராயன் படத்தைப் பார்த்தார். ஒரு காலில் செருப்பும் மறு கால் வெறுங்காலுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"மாலையெல்லாம் போட்டிருக்கீங்களே," தரகர் குரலைத் தாழ்த்தினார். "யாருங்க தவறினது?"

"யாருமில்லங்க. அது வந்து... எங்க தாத்தாவோட வீடு. இந்தியாவுல."

குசினி வாசலில் தட்டோடு வந்த யோகேஸ்வரி அப்படியே உள்ளே திரும்பிப் போனாள்.

தரகருக்கு வாயெல்லாம் பல். "பரம்பரை வீடா! சொல்லவே இல்லையே! எந்த ஊருங்க?"

"ராமநாதபுரம் பக்கம்."

"பின்னால மலை செவப்பா இருக்கு?"

"அது சாயங்கால வெயில்."

"ஜன்னல் ஒண்ணையும் காணோமே?"

"அந்தக் காலத்துல திருட்டுப் பயம்."

"இவ்வளவு பெரிய வீட்ட விட்டுட்டு ஏங்க இந்தப் பக்கம் வந்தாங்க?"

தனபாலன் மாலையை நேராக்கினார். "தாத்தாவுக்குத் தேத்தண்ணின்னா ரொம்பப் பிரியம்."

சுப்பராயன் கதிரை நுனியில் உட்கார்ந்து, கையிலெடுத்த வடையைக் கடிக்காமல் படத்தையே பார்த்தார். கண்டிக் குளிரில் அவருக்கு மட்டும் வேர்த்து ஊற்றியது. மனுசன் கண்டுபிடித்துவிட்டார் என்று தனபாலனுக்கு உறுதியாகிவிட்டது.

தரகர் விடவில்லை. "கலியாணப் பட்டெடுக்க எப்படியும் மதுரைக்குப் போகத்தானே வேணும்? அப்படியே ரெண்டு குடும்பமும் ராமநாதபுரத்துக்கும் போய், அந்த வாசல்ல நின்னு ஒரு போட்டோ பிடிச்சிருவோம்!"

"வீடு இடிஞ்சு போச்சுங்க!"

"ஐயையோ, எப்போ?"

"இப்பதான்... போன மழையில."

"சரி, இடத்தையாவது பார்ப்போமே."

சுப்பராயன் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "இடிஞ்சுதான் போயிருக்கும்! மண் வீடு மழைக்கு நிக்குமா? இடத்தப் பார்த்து என்ன செய்யப் போறீங்க காளிமுத்து? விட்டுத் தொலைங்க!"

தனபாலனுக்குச் சுருக்கென்றது. சபையில் வைத்து நையாண்டி பண்ணுகிறார். அந்த நேரம் பார்த்துத் தர்ஷிகா தேத்தண்ணீரோடு வந்தாள். தனபாலன் மகளைப் பார்த்தார். இந்தப் பொய்யின் மேல் இவளுடைய வாழ்க்கையை வைக்க முடியாது. எது போனாலும் போகட்டும் என்று எழுந்தார்.

"ஐயா, ஒரு உண்மையச் சொல்லிடுறேன்..."

"வேணாம்!" சுப்பராயன் துள்ளி எழுந்தார். "உண்மையெல்லாம் ஒண்ணும் வேணாம்! பொண்ண எங்களுக்குப் பிடிச்சிருக்கு. சம்மதம். இப்பவே தட்ட மாத்திருவோம். உங்க வீட்டுக்குப் பின்வாசல் இருக்கா? என் சம்சாரத்த அந்த வழியா வேனுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன், பாவம், ஏலாம இருக்கா."

அதற்குள் அறைக்கதவு திறந்தது. மாப்பிள்ளையின் அம்மா முகம் கழுவிக்கொண்டு தெளிவாக வந்தார். மினுங்கும் படத்தைப் பார்த்ததும் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு, புருசன் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, இது உங்க பாட்டனோட அரண்மனையில்ல? நம்ம ஹோல்ல மாட்டி இத்தன வருசமாச்சே, ஒரு மாலையாவது போடணும்னு உங்களுக்குத் தோணுச்சா?"