‘பாவம், தங்கமான மனசு’ என்பதை வெட்டிய ஆசிரியருக்கு

மில்பர்ன், அலபாமா
அக்டோபர் மாதம், செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. லெமுவல் ஹாட்ஜ் அவர்களுக்கு, கல்லூரி ஸ்டேடியத்துக்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் வெர்பீனா ட்ரூயிட் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நான் சுகம். உங்கள் முழங்கால் தேவலை என்று உங்கள் மனைவி சர்ச்சில் சொன்னார். மிக்க மகிழ்ச்சி. இந்தக் கடிதத்தில் மகிழ்ச்சியான சங்கதி அது ஒன்றுதான்.

நம் கல்லூரி ஃபுட்பால் அணியின் முன்னாள் தலைமைக் கோச்சுகளில் படுமோசம் யார் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு பகுதி தொடங்கியிருக்கிறீர்கள். நான் குறை சொல்லவில்லை. இந்த ஊர் ஆண்களுக்குத் தோற்ற ஆட்டத்தைப் பேசாவிட்டால் காலைச் சாப்பாடு இறங்காது. ஆனால் நம் ஊரில் அதற்கொரு முறை இருக்கிறது. யாரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். முடிக்கும்போது ‘பாவம், தங்கமான மனசு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். செத்தவரைத் திட்டினால் கட்டாயம் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் இது எதற்கு என்று என் மாமியாரிடம் கேட்டேன். “சொல்லாம விட்டா அவங்க காதுல விழும்டி” என்றார். நீங்கள் என்ன செய்தீர்கள்? இடம் போதவில்லை என்று எல்லோருடைய கடிதத்திலும் அந்தக் கடைசி வார்த்தையை வெட்டிவிட்டு அச்சடித்தீர்கள்.

முதலில் வந்தவர் கோச் ஓகிள். அவர் இறந்து வருஷக்கணக்காகிறது. ஜூனியின் காபிக் கடையில் ஹாலிஸ் உங்கள் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு, தான் எழுதியதைத் தானே ரசித்துப் படிக்கிறார்: “கொட்டுற மழைல, பந்து வழுக்குதுன்னு குருடனுக்கும் தெரியுது, பந்தக் கைல இடுக்கிக்கிட்டு ஓடச் சொல்லாம, இந்த மடையன் எறி எறின்னு எறியவிட்டே ஆட்டத்தக் கெடுத்தான்யா!” பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல், “மழ நின்னுரும்னு நெனச்சேன்” என்றது. திரும்பிப் பார்த்தால் கோச் ஓகிள் உட்கார்ந்திருக்கிறார், தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. ஆகஸ்டிலிருந்து இந்த மாவட்டத்தில் ஒரு தூறல் இல்லை என்று உங்கள் பத்திரிகைதானே எழுதியது? ஜூனிக்கு வாடிக்கையாளர் என்றால் வாடிக்கையாளர்தான். “காபி ஊத்தட்டுமா கண்ணு?” என்று கேட்டு ஊற்றியும்விட்டாள். அவர் உப்பு டப்பாவைக் கவிழ்த்து, மேசையில் கோடு கோடாக அம்பு போட்டு, அன்றைக்குத் தன் திட்டம் என்ன என்று ஹாலிஸுக்கு விளக்கிவிட்டு எழுந்து போனார். ஜூனி அந்த உப்பைத் துடைத்தாள். மறுபடி பார்த்தால் அம்புகள் அங்கேயே இருக்கின்றன. இன்றைக்கும் இருக்கின்றன, அந்த மேசையில் ஒருத்தரும் உட்காருவதில்லை.

அடுத்த வாரம் டாயில் எழுதினார், கோச் ஸ்டிக்லர் தன் அக்கா மகனைத்தான் ஆடவிட்டார், அந்தப் பையனுக்கு ஒரு துணிமூட்டையைத் தூக்கி எறியக்கூடத் தெம்பில்லை என்று. அது அச்சில் வந்த அன்று காலை என் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கோச் ஸ்டிக்லர், அதே இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் விசில். அவர் சவப்பெட்டி மேல் பூ வைத்தவளே நான்தான், என்ன செய்யச் சொல்றீங்க? உள்ள வாங்கன்னேன், வேற என்ன சொல்றது, வாசல்ல நிக்கிறவரை வராதேன்னு சொல்லியா பழக்கம்? அவர் வரல. தொப்பியக் கழட்டிக்கிட்டு, “டாயில் வீடு எதும்மா? ஏதோ சொன்னாராமே” அப்படின்னார். நானும் சொல்லித் தொலச்சிட்டேன். அவர் நின்ன இடத்துல ஷூ தடம் வெள்ளவெள்ளையா சுண்ணாம்பு. அந்த மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போடுறத நிறுத்தி எவ்வளவு காலமாச்சு, இப்ப முழுக்க பிளாஸ்டிக் புல்லு. அதக் கழுவ எனக்கு மனசு வரல, ஆசிரியரே, ஏன்னா என் வீட்டுக்காரர் ஆர்லிஸ் ஷூவுலயும் அப்படித்தான் ஒட்டியிருக்கும், நாலு வருஷம் அவரும் இங்க கோச்சா இருந்தாரில்ல, தெனமும் வாசல்ல அதுக்கு ஒரு சண்ட.

டாயில் இப்போ தெனமும் விடியறதுக்கு முன்னாடியே ஸ்டேடியத்தைச் சுத்தி ஓடுறார். அறுபத்தெட்டு வயசு மனுஷன், தொப்பையத் தூக்கிக்கிட்டு ஓடுறார். பின்னால ஒருத்தரும் இல்ல, விசில் சத்தம் மட்டும் வருது. “நிறுத்துய்யா டாயில், செத்துப்போயிருவே!”ன்னு சன்னல்லருந்து கத்தினேன். “நிறுத்தினா மறுபடி மொதல்லேர்ந்து ஓடச் சொல்றார் வெர்பீனா!”ன்னு அழுதுக்கிட்டே போறார்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். ஸ்டிக்லர் படி எறங்கும்போது நான் கேட்டேன், “ஆர்லிஸைப் பாக்கறீங்களா அங்க?” அவர் திரும்பி, “பாக்காம என்னம்மா. எங்களையெல்லாம் கூப்புடுறாங்க, அவரை யாரும் கூப்புடலையே” அப்படின்னுட்டுப் போனார். அது வாஸ்தவம். ஆர்லிஸ் பாதி ஜெயிச்சார், பாதி தோத்தார். தோக்கும்போதும் சுமாராத்தான் தோத்தார். ஜூனி கடைல அவர் பேர் வந்தா ஹாலிஸ் “ஆர்லிஸா? பாவம், தங்கமான மனசு” அப்படிம்பார். அவ்வளவுதான். முன்னால திட்டே கிடையாது, வெறும் வாலு மட்டும். இத்தனை நாளா அது எனக்குப் பெருமையா இருந்தது. இப்போ மணி அடிச்சா ஓடிப்போய்க் கதவத் தெறக்கறேன். தபால்காரர்.

ஆகவே ஐயா, அந்தப் பகுதியை உடனே நிறுத்த வேண்டும். அடுத்த இதழின் முதல் பக்கத்தில், இதுவரை திட்டிய எல்லா கோச்சுகளுக்கும் சேர்த்து, பெரிய எழுத்தில் ‘பாவம், தங்கமான மனசு’ என்று போட வேண்டும். செத்தவர்கள் நிம்மதியாக இருக்கட்டும், டாயில் படுத்துத் தூங்கட்டும். உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும், மடக்கினால் மடங்கும் நிலைக்கு வந்திருக்கும் உங்கள் முழங்காலையும் ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகாலச் சந்தாதாரர்
(திருமதி) வெர்பீனா ட்ரூயிட்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடுங்கள். பகுதியை நிறுத்த வேண்டாம். அடுத்த வாரம் இதைப் போடுங்கள், கீழே ‘ஒரு வாசகர்’ என்று இருந்தால் போதும்: “கோச்சுகளிலேயே படுமோசம் ஆர்லிஸ் ட்ரூயிட்தான். அந்த நவம்பர் ஆட்டத்தில் கோட்டைத் தாண்டி ஜெயிக்க ஒரே ஒரு கஜம் பாக்கி இருந்தது. பந்தோடு முட்டி மோதத் துணிச்சல் இல்லாமல், அதை உதைத்துக் குறைந்த புள்ளி வாங்கச் சொல்லி ஆட்டத்தைச் சமனில் முடித்த கோழை.” அப்படிச் செய்ததற்கு அவரிடம் ஒரு காரணம் உண்டு. எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்ல மாட்டேன், அவரே வந்து சொல்லட்டும். எழுதி முடித்ததும் கை பழக்கத்தில் அந்தக் கடைசி வார்த்தையையும் எழுதப் பார்க்கிறது. ஒருவேளை எங்காவது எழுதியிருந்தால், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இடமில்லை என்று வெட்டிவிடுங்கள்.