பொத்தான் மறைத்த வெளிச்சம்

"புரியலயே கண்ணு" என்றாள் அம்மா, தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமல்.

மகள் பல்லைக் கடித்தாள். இரண்டு வருடம் கண் எரியக் கணக்குப் போட்டு ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்தவள் அவள். அதைப் பற்றிய பத்திரிகைக் கட்டுரை நாலு மணிக்குள் போயாக வேண்டும். அவள் வேலை பார்க்கும் வானியல் ஆய்வுக்கூடத்தின் தலைவர் நேற்று அதில்தான் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார்.

"உங்கம்மாவுக்குப் புரியற மாதிரி எழுதும்மா. புரிஞ்சா உன் பேர்ல வரட்டும். இல்லன்னா நானே எழுதிக்கிறேன்."

தன் அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவருடைய அம்மா கல்லூரி முதல்வர். தையல்காரி என்றால் தலைவருக்கு இளக்காரம். இந்த நிபந்தனையை அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை.

பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் தையல் கடைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"முதல்லேர்ந்து சொல்லு கண்ணு" என்றாள் அம்மா.

"கிரகத்த யாரும் பார்க்கலம்மா. அது நட்சத்திரத்துக்குக் குறுக்க போறப்ப வெளிச்சம் துளி குறையும். பதினேழு நாளைக்கு ஒரு தடவ, தவறாம."

"பார்க்காமயே இருக்குன்னுட்டா எப்படி?"

கட்டுரையில் அம்மாவுக்குப் புரியாத ஒரு பத்தியை அடித்துவிட்டு, மெஷின் விளக்கருகே நூல் கோத்துத் தொங்கிய பொத்தானை மகள் பிடித்து விளக்குக்குக் குறுக்கே ஆட்டினாள். "விளக்கு நட்சத்திரம். இது கிரகம். பாரு."

மருந்துக்கடைக்காரர் வந்தார். பின்னாலேயே தபால்காரம்மா. ஒருவர் கையிலும் தைக்கக் கொடுக்கத் துணி இல்லை. அதைக் கவனிக்கும் நிலையில் மகள் இல்லை.

"சரியா புரியல. இன்னொரு தடவ, சத்தமா" என்றாள் அம்மா.

இன்னும் இரண்டு பத்தி போயிற்று. பொத்தான் சின்னதோ என்று, தைத்து மாட்டியிருந்த கோட்டிலிருந்து பெரிய பொத்தானைப் பிய்த்தாள்.

"அடியே, அது ஆர்டர் கோட்டு."

"இருக்கட்டும். எவ்வளவு வெளிச்சம் குறையுதோ, அத வச்சுக் கிரகத்தோட அளவே தெரிஞ்சிடும்." விளக்குக்குக் குறுக்கே வீசிய வேகத்தில் பொத்தான் பல்பில் மோதியது. பல்பு வெடித்தது.

"நட்சத்திரம் போச்சு" என்றாள் தபால்காரம்மா.

மணி மூன்று ஐம்பது. தாளில் மிஞ்சியது நாலு வரி. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பவாவது?"

"பல்ப மாத்திட்டு இன்னொரு தடவ சொல்லேன்."

மகள் பேனாவை மூடினாள். இந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. முதல் கிரகம் அந்தத் தலைவருடையதாகப் போகிறது. அவருக்குப் போன் போட்டு, மணி அடிக்கையிலேயே அம்மாவிடம் சொன்னாள். "உனக்குப் புரியலன்னா கட்டுரை எங்க தலைவர் பேர்லதான் வருமாம். வரட்டும்."

மெஷின் சட்டென்று நின்றது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மணி அடித்துக்கொண்டிருந்த போனைப் பூட்டுக்கடைக்காரர் எட்டி வாங்கி அணைத்தார்.

"அடிச்சதெல்லாம் திரும்ப எழுதி அனுப்பும்மா. நேத்து நீ போன்ல சொன்னதுமே உங்கம்மாவுக்குப் புரிஞ்சிடுச்சு, அந்தப் பொத்தான கோத்து எங்களுக்கெல்லாம் ஆட்டிக் காட்டுனதே அவங்கதான். 'நாளைக்கு மூணு மணிக்கு வாங்க, என் மக வாயாலயே கேளுங்க'ன்னு கட கடையா ஏறிக் கூப்பிட்டாங்க."