காலித்தொட்டி மாமா

அடையாறிலேயே ஒரு மண்தொட்டியை வைத்துக்கொண்டு ஐந்து வீட்டுக்காரர்களை நடுங்க வைத்த ஒரே மனிதர் எங்கள் காலித்தொட்டி மாமாதான். அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

தொட்டியில் இருந்தது செங்காந்தள். காட்டுப் புதர்களில் தானாகப் படர்கிற கொடி. கார்த்திகையில் தீப்பிடித்த மாதிரி பூக்கும். தை பிறந்தால் தண்டோடு காய்ந்து, மண்ணுக்குள் வெறும் கிழங்காகப் படுத்துவிடும். அதன்பின் ஆறு மாதம் நமக்கு அது காலித் தொட்டி. மாமாவோ மாடிப்படிக்குக் கீழே இருட்டு மூலையில் அதை வைத்து, பக்கத்தில் மோடா போட்டு உட்கார்ந்து, அதற்குப் பேப்பர் படித்துக் காட்டுவார். செருப்புச் சத்தம் கேட்டால் விரலை உதட்டில் வைப்பார்.

"உஷ்! அவ தூங்கிண்டிருக்கா."

வாட்ச்மேன் ஏழுமலை அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். "மண்ணுக்குள்ள இன்னாவோ கீது சார். நேத்து அசைஞ்சிச்சு" என்றார். எலியாக இருக்கும் என்றேன். "எலின்னா ஓடும் சார். இது மூச்சு வுடுது!"

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்று முழுக்க அந்தப் படியில் இறங்க எனக்குத்தான் கால் வரவில்லை.

பங்குனியில் மாமாவுக்கு இதய ஆபரேஷன். டாக்ஸியில் ஏறும்முன் என் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

"ஆடி மழை வரைக்கும் ஒரு சொட்டு தண்ணி விடப்படாது. விட்டா கிழங்கு அழுகிடும். நீதான் பாத்துக்கணும்."

"சும்மா இருக்கணும், அவ்வளவுதானே மாமா? எனக்குக் கை வந்த கலை."

"நம்ம பில்டிங்ல அதுதான்டா கஷ்டம்."

மறுநாளே தொட்டி மண் ஈரமாக இருந்தது. பதினைந்து நாளும் அப்படியே. குழாய் எதுவும் ஒழுகவில்லை. யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். ஏழுமலை நாற்காலியை கேட்டுக்கு வெளியே போட்டுக்கொண்டார். பதினாறாம் நாள் விடியலில் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். கொலுசுச் சத்தம் நெருங்கி வந்தது. பார்த்தால், அரிசி களைந்த தண்ணீரோடு என் மனைவி!

"அடிப்பாவி!"

"அந்த மனுஷன் ஆஸ்பத்திரியில கெடக்கார். அவர் செடி தாகத்துல காஞ்சா அவருக்கு ஆகுமா?"

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாடி வீட்டு டீச்சர் சொம்போடு இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால், கண்ணை இறுக்கி மூடியபடி, வாட்டர் பாட்டிலோடு ஏழுமலை.

மண்ணைக் கிளறினேன். கவட்டை போலிருந்த கிழங்கில் ஒரு பக்கம் கூழாகியிருந்தது. அதை வெட்டியெறிந்து, மீதிக்குச் சாம்பல் தடவி, காய்ந்த மணலில் புதைத்து, என் வீட்டு வாசலிலேயே வைத்துக் காவல் காத்தேன். மாமாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. சித்திரையில் அவர் ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தார். சொல்லாமலே போயிற்று.

ஆடியில் இரண்டு மழை பெய்தது. ஒரு காலை ஏழுமலை கதவைத் தட்டினார்.

"சார்... மாமா வந்துட்டாரு."

மணலைப் பிளந்துகொண்டு பச்சையாய் ஒரு முளை. காந்தள் இலையின் நுனி சுருண்டு, கிடைத்ததைப் பிடித்து ஏறும். அதற்கென்று குச்சி நட்டு வைத்தேன். அது குச்சியை விட்டுவிட்டு என் கம்பிக் கதவைப் பற்றிக்கொண்டது. விலக்கலாம் என்று தொட்டேன். சில்லென்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது கார்த்திகை. கதவு முழுக்கப் பூ. நாங்கள் பக்கவாட்டில் நுழைந்துதான் வீட்டுக்குள் போய்வருகிறோம். தினமும் காலையில் மோடா போட்டு உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறேன். முடித்ததும் பேப்பரில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

"தண்ணி விட்டுட்டோம் மாமா. கோவிச்சுக்காதீங்க."